டான்ஸ் பேடை வீட்டுக் கணினியில் இணைப்பது எப்படி: இடதும் வலதும் சேர்ந்து பதிவாக

டான்ஸ் பேட் என்பது திரையில் வரும் அம்புகளுக்கு ஏற்பக் காலால் மிதித்து ஆடும் விளையாட்டுப் பலகை. உலோகத் தகடும் சட்டமுமாகச் செய்தது சுலபத்தில் கெடாது. அதோடு வாங்கிய கேம் கன்சோல் பரணுக்குப் போய்ப் பல வருடம் ஆனபிறகும் பேட் மிதி வாங்கத் தயாராகவே இருக்கும். ஆனால் அதன் ஒயர் முனையில் இருப்பது பழைய பிளேஸ்டேஷன் பிளக்கோ, எக்ஸ்பாக்ஸ் பிளக்கோ. ஓர் அடாப்டர் வாங்கி யூஎஸ்பியில் செருகினால் விளக்கு எரியும், விளையாட்டும் ஓடும், ஒவ்வோர் அம்பும் தனித்தனியாகச் சரியாகவே பதியும். காலை விரித்து இடதும் வலதும் சேர்த்துக் குதிக்கும் இடம் வந்தால் மட்டும் எதுவும் பதியாது, அல்லது ஒரு பக்கம்தான் பதியும். உடனே பேடைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தொடங்குவார்கள். அதில் பயன் இல்லை. தவறு நடப்பது பேடுக்கும் கணினிக்கும் நடுவில்.

பேடுக்குள் இருப்பது வெறும் சுவிட்சுகள். 1998இல் கொனாமி வெளியிட்ட டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் வழிவந்த பேட் என்றால் மேல், கீழ், இடது, வலது என்று நான்கு. 1999இல் ஆண்டமிரோ கொண்டுவந்த பம்ப் இட் அப் வகை என்றால் நான்கு மூலைகளும் நடுவும் சேர்த்து ஐந்து. வீட்டுக்கான உலோகப் பேடுகளில் பெரும்பாலும் இரண்டு உலோகப் பரப்புகள் சிறு இடைவெளியில் எதிரெதிரே இருக்கும். மிதித்தால் தொட்டுக்கொள்ளும், காலை எடுத்தால் விலகும். அழுத்தத்தால் மின்தடை குறையும் சென்சார் வைத்த பேடுகளும் உண்டு. எந்த வகையானாலும் சுவிட்சுகளுக்கும் ஒயருக்கும் நடுவில் ஒரு சின்ன போர்டு உட்கார்ந்திருக்கும். "எந்தச் சுவிட்சு மூடியிருக்கிறது" என்று கணினியிடம் சொல்வது அதன் வேலை.

சொல்லும் விதம் மூன்று. முதலாவது, பொத்தான். ஒவ்வோர் அம்புக்கும் தனியாக ஒரு பொத்தான் எண். அழுத்தினால் 1, விட்டால் 0. நான்கையும் ஒன்றாக அழுத்தினாலும் நான்கும் போய்ச்சேரும். இரண்டாவது, அச்சு. ஜாய்ஸ்டிக்கின் குச்சி இடமும் வலமும் சாய்வதுபோல, இடது என்றால் ஒரு கோடி, வலது என்றால் மறு கோடி, எதுவும் இல்லாவிட்டால் நடு. குச்சி ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் சாயாது. ஆகவே இரண்டையும் மிதித்தால் அடாப்டர் நடு மதிப்பை அனுப்பும், அல்லது ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். மூன்றாவது, ஹேட் சுவிட்சு அல்லது பிஓவி எனப்படுவது. எட்டுத் திசைகளுக்கு 0 முதல் 7 வரை ஓர் எண். எதுவும் அழுத்தாவிட்டால் அந்த வரம்புக்கு வெளியே ஒரு மதிப்பு. மேல்-வலது என்று சொல்ல எண் உண்டு. இடது-வலது சேர்ந்தது என்று சொல்ல எண்ணே கிடையாது.

சாதாரண கேம் கன்ட்ரோலரில் இது குறையே அல்ல. கட்டைவிரலால் எதிரெதிர்த் திசைகளைச் சேர்த்து அழுத்த முடியாது என்பதால் அடாப்டர் செய்பவர்கள் அந்த நிலையை யோசிப்பதில்லை. டான்ஸ் பேடில் அது ஒவ்வொரு பாட்டிலும் பலமுறை வரும். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் மொழியில் பதினாறு பொத்தான்களுக்கும் தனித்தனி பிட் (0 அல்லது 1) இருக்கிறது, இடதுக்கும் வலதுக்கும் உட்பட. அதாவது பேட் முழுத் தகவலையும் கொடுக்கிறது. மலிவான அடாப்டர்தான் அதை இழக்கிறது.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன்னும், கழற்றுவதற்கு முன்னும் செய்ய வேண்டியது ஒரு சோதனை. விண்டோஸ் கட்டுப்பாட்டுப் பலகத்தில் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர்கள் பட்டியலைத் திறந்து, பேடைத் தேர்ந்தெடுத்து, பண்புகள் பக்கத்தில் சோதனைத் தாவலுக்குப் போங்கள். அம்பை மிதிக்கும்போது எண்ணிட்ட வட்டம் ஒன்று சிவந்தால் பொத்தான். சதுரப் பெட்டிக்குள் இருக்கும் கூட்டல் குறி ஓரத்துக்கு ஓடினால் அச்சு. வட்டத்துக்குள் சிறு அம்பு திரும்பினால் ஹேட். அடுத்து இரண்டு கைகளாலும் இடதையும் வலதையும் சேர்த்து அழுத்துங்கள். பிறகு மேலையும் கீழையும். இரண்டு விளக்கும் அணையாமல் நின்றால் பாதி வேலை முடிந்தது. லினக்ஸில் இதே சோதனையை ஜேஎஸ்டெஸ்ட் அல்லது ஈவிடெஸ்ட் கருவியில் பார்க்கலாம்.

சோதனையில் தேறாவிட்டால் என்ன செய்வது என்பது ஒயரின் முனையைப் பொறுத்தது.

பிளேஸ்டேஷன் 1, 2 பிளக் என்றால் அடாப்டரை மாற்ற வேண்டும். "டான்ஸ் பேடுக்கு ஏற்றது" என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். திசைகளைப் பொத்தான்களாக அனுப்புமா என்று கேளுங்கள். சில அடாப்டர்களில் அதற்கென்று ஒரு சிறு சுவிட்சோ, இணைக்கும்போது அழுத்திப் பிடிக்க வேண்டிய பொத்தானோ இருக்கும். ஒரே வெளித்தோற்றத்தில் உள்ளே வெவ்வேறு சிப் வைத்த அடாப்டர்கள் புழங்குவதால், ஒருவருக்கு வேலை செய்த அதே மாதிரி இன்னொருவருக்கு வேலை செய்யாமல் போகலாம். மூலைகளில் வட்டம், பெருக்கல், சதுரம், முக்கோணம் போட்ட தகடுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை எப்போதும் பொத்தான்களாகவே போகும். மூலைகளை மிதித்து ஆடும் பம்ப் முறை ஆட்டக்காரர்கள் இந்தக் குறையைக் கவனிக்காமலே இருப்பதற்கு அதுவே காரணம்.

முதல் தலைமுறை எக்ஸ்பாக்ஸ் பிளக் வேறு உருவத்தில் இருந்தாலும் உள்ளே ஓடுவது யூஎஸ்பிதான். உருவம் மாற்றும் ஒயர் போதும். ஒயரை வெட்டி யூஎஸ்பி முனை வைப்பவர்கள் சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு நான்கையும் அதே நிறங்களோடு சேர்க்கலாம். ஐந்தாவது மஞ்சள் ஒயர் தேவையில்லை, முனையை டேப் சுற்றி விட்டுவிடலாம். நிறத்தை நம்பிச் செருகிவிடாமல், சிவப்பும் கறுப்பும் ஒன்றையொன்று தொடவில்லை என்பதை மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் இதற்குத் தனி டிரைவர் நிறுவ வேண்டியிருக்கும். லினக்ஸில் எக்ஸ்பேட் என்ற மாட்யூல் பார்த்துக்கொள்கிறது. தெரிந்த டான்ஸ் பேடுகளில் திசைகளை அதுவே பொத்தானாக மாற்றிவிடும். அறியாத பேடாக இருந்தால் அந்த மாட்யூலின் "டிபேட் டு பட்டன்ஸ்" அமைப்பை 1 என்று வைத்தால் போதும்.

எக்ஸ்பாக்ஸ் 360 பேட் செருகியவுடன் விண்டோஸில் வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் டைரக்ட் இன்புட் என்ற விண்டோஸின் பழைய உள்ளீட்டு முறை வழியாகப் படிக்கும் விளையாட்டுக்கு அதன் திசைகள் ஹேட்டாகவே தெரியும், பழைய கதைதான்.

அடாப்டர் வேட்டையில் நேரம் கழிப்பதைவிட, ஈயம் வைத்துப் பற்றவைக்கத் தெரிந்தவர்கள் உள்ளே இருக்கும் போர்டையே மாற்றிவிடுவது நல்லது. ஒருமுறை செய்தால் பேட் நேரடி யூஎஸ்பி கருவியாகிவிடும், கன்சோல் காலத்துச் சங்கடம் எதுவும் மிஞ்சாது. தேவையானது ஏடிமெகா32யூ4 சிப் வைத்த போர்டு: ஆர்டுயினோ லியனார்டோ அல்லது அதைவிடச் சிறிய ப்ரோ மைக்ரோ. ராஸ்பெர்ரி பை பிக்கோவும் ஆகும். பெயர் பெற்ற ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டை வாங்கிவிடாதீர்கள். அதன் முதன்மைச் சிப்புக்கு யூஎஸ்பி கிடையாது. தன்னை ஜாய்ஸ்டிக் என்று கணினியிடம் நேரடியாக அறிமுகம் செய்துகொள்ள அதனால் முடியாது.

முதலில் பழைய போர்டைக் கழற்றி, ஒவ்வொரு தகடிலிருந்தும் வரும் இரண்டு ஒயர்களை மல்டிமீட்டரின் தொடர்ச்சி நிலையில் வைத்துப் பாருங்கள். மிதிக்காதபோது சத்தம் வரக்கூடாது. மிதித்தால் வர வேண்டும். தகடுக்கும் பேடின் உலோகச் சட்டத்துக்கும் நடுவிலும் ஒருமுறை பாருங்கள். சட்டமே பொது கிரவுண்டாக (எல்லாத் தகடுகளின் மறுமுனையும் சேரும் இடமாக) பயன்படும் பேடுகள் உண்டு, அது தெரியாமல் ஒயர் போட்டால் எல்லா அம்பும் ஒன்றாக எரியும். பிறகு ஒவ்வொரு தகடின் ஓர் ஒயரைப் போர்டின் தனித்தனி டிஜிட்டல் பின்னுக்கும் (இணைப்பு முனைக்கும்), மறு ஒயர்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கிரவுண்டுக்கும் கொண்டுபோங்கள். நான்கு அம்பு, ஸ்டார்ட், பேக் என்று ஆறு பின், ஒரு கிரவுண்ட். ஆக ஏழு ஒயர். எட்டு இழை உள்ள நெட்வொர்க் கேபிள் இதற்கு அளவாக இருக்கும். ஒற்றைக் கம்பியாக இருப்பதை விட்டு, பல நுண் கம்பிகள் முறுக்கிய வகையையே எடுங்கள். குதிக்கும் அதிர்வில் ஒற்றைக் கம்பி பற்றவைத்த இடத்தருகே முறியும்.

நிரலில் ஒவ்வொரு பின்னையும் உள் புல்-அப் நிலையில், அதாவது சிப்புக்குள் இருக்கும் ரெசிஸ்டர் அதை உயர் நிலைக்கு இழுத்துப் பிடிக்கும்படி, வைக்க வேண்டும். அப்போது சும்மா இருக்கும் பின் உயர் நிலையிலும், மிதித்தால் தாழ் நிலையிலும் இருக்கும். பல வழிகாட்டிகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. உலோகப் பேடுக்கு இன்னும் ஒரு படி தேவை. அந்தச் சிப்பின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை. 5 வோல்ட்டில் தொடுமுனை வழியாக ஓடும் மின்னோட்டம் 0.1 முதல் 0.25 மில்லி ஆம்பியர்தான். பெரிய உலோகப் பரப்பில் படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தை இவ்வளவு சிறிய மின்னோட்டம் சில சமயம் தாண்டாது. மிதித்தும் பதியாத அம்புகள் அதனால் வரும். நீண்ட ஒயர் பக்கத்து மின்கம்பியின் இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பின்னுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் வெளியே ஒரு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் மின்னோட்டம் சுமார் 2.3 மில்லி ஆம்பியராக உயரும். தடுமாற்றம் பெருமளவு குறையும். பிக்கோ போர்டில் இதே ரெசிஸ்டரை 3.3 வோல்ட்டுக்குத்தான் இணைக்க வேண்டும். அதன் பின்கள் 5 வோல்ட் தாங்காது.

அடுத்தது துள்ளல். இரண்டு உலோகப் பரப்புகள் மோதும்போது ஒரே தொடுதலாக நில்லாமல் சில மில்லிவிநாடிகளுக்குத் தொட்டுத்தொட்டு விலகும். கணினி அதை இரண்டு மூன்று மிதிகளாக எண்ணும். நீண்ட அம்பை மிதித்தபடி நிற்கும்போது நடுவில் அறுந்துபோகும். "5 மில்லிவிநாடி நிலையாக இருந்தால்தான் நம்புவேன்" என்று நிரல் எழுதினால் ஒவ்வொரு மிதிக்கும் 5 மில்லிவிநாடி தாமதம் சேரும். அதற்குப் பதில் முதல் தொடுதலை உடனே அனுப்பிவிட்டு, அதன்பின் 5 முதல் 10 மில்லிவிநாடி வரை வரும் மாற்றங்களைப் பொருட்படுத்தாமல் விடுவதே இங்கே சரியான முறை. மிதி தாமதமின்றிப் போய்விடும்.

போர்டு தன்னை ஜாய்ஸ்டிக் என்று காட்டிக்கொள்ள வேண்டுமா, கீபோர்டு என்றா? கீபோர்டு எளிது, எந்த விளையாட்டிலும் ஓடும். ஆனால் விளையாட்டுச் சாளரத்தை விட்டு வெளியே வந்த பிறகு யாராவது பேடில் நடந்தால் திறந்திருக்கும் கடிதத்தில் எழுத்து விழும். ஜாய்ஸ்டிக்கே நல்லது. பழைய கீபோர்டைப் பிரித்து அதன் போர்டில் ஒயர் பற்றவைக்கும் குறுக்குவழியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கீபோர்டின் உள்ளே விசைகள் கிடைவரிசையும் நெடுவரிசையுமாகப் பின்னியிருக்கும்; மூன்று விசைகள் சேரும்போது அழுத்தாத நான்காவது ஒன்று பதியும், அல்லது மூன்றாவது தடுக்கப்படும்.

இரண்டு பேட் வைத்து ஆடுபவர்களுக்கு ஒரு யோசனை. ஒரே மாதிரி இரண்டு யூஎஸ்பி கருவிகளைச் செருகினால், மறுமுறை கணினியைத் திறக்கும்போது எது முதலாவது என்பது மாறிவிடக்கூடும். முதல் ஆட்டக்காரரின் மிதி இரண்டாமவர் பக்கம் போகும். இரண்டு பேடின் ஒயர்களையும் ஒரே போர்டுக்குக் கொண்டுவந்து, ஒன்றுக்கு 1 முதல் 10 வரையும் மற்றதற்கு 11 முதல் 20 வரையும் பொத்தான் எண் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பமே எழாது.

விளையாட்டு மென்பொருளுக்கு வருவோம். இலவசமாகக் கிடைப்பதில் பரவலானது ஸ்டெப்மேனியா; அதிலிருந்து பிரிந்து வளர்ந்தது ஐடிஜிமேனியா. அமைப்புகளில் விசை, ஜாய்ஸ்டிக் பொருத்தும் திரையைத் திறந்தால் இடப்பக்கம் முதல் ஆட்டக்காரர், வலப்பக்கம் இரண்டாமவர். கீபோர்டால் ஒரு கட்டத்துக்குப் போய் என்டர் தட்டி, உரிய அம்பை மிதிக்க வேண்டும். இயல்பான கீபோர்டு விசைகள் உள்ள கட்டம் மாறாமல் அங்கேயே இருக்கும். பேடில் தப்பாகப் பொருத்திவிட்டாலும் கீபோர்டால் திரும்பி வர முடியும். பொருத்தம் விளையாட்டு வகைக்கு ஏற்பத் தனித்தனியாகச் சேமிக்கப்படும், ஆகவே பம்ப் வகைக்கு மாறினால் மறுபடி பொருத்த வேண்டும். பிறகு உள்ளீட்டுச் சோதனைத் திரையில் எதிரெதிர் அம்புகளை மீண்டும் ஒருமுறை சேர்த்து அழுத்திப் பாருங்கள்.

பொருத்தியது தானாகவே அழிந்துபோனால், காரணம் பெரும்பாலும் ஜாய்ஸ்டிக் மாறும்போது மென்பொருளே புதிதாகப் பொருத்திக்கொள்ளும் வசதி. ப்ரிஃபரன்ஸஸ் கோப்பில் "ஆட்டோமேப் ஆன் ஜாய் சேஞ்ச்" என்பதை 0 ஆக்கிவிடுங்கள். விளையாட்டை மூடிய பிறகே கோப்பைத் திருத்த வேண்டும். திறந்திருக்கும்போது திருத்தினால் வெளியேறும் நேரத்தில் பழைய மதிப்பையே எழுதிவிடும். பட்டியல்களில் பேட் அம்புகள் தேவையில்லாமல் நகர்த்தினால், தனி மெனுப் பொத்தான்களை மட்டும் ஏற்கும் அமைப்பும் அங்கேயே உண்டு.

தாமதத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு விஷயங்களைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்டெப்மேனியாவின் இயல்பு நிலையில் மிகச் சிறந்த மதிப்பெண்ணுக்கு இடம் இசைக்கு முன்னும் பின்னும் 22.5 மில்லிவிநாடி, அதற்கு அடுத்ததற்கு 45. ஒலி 60 மில்லிவிநாடி தாமதித்து வந்தாலும், எப்போதும் அதே 60 என்றால் கவலையில்லை. மென்பொருளில் ஒரு ஆஃப்செட் (நேரத்தை முன்னோ பின்னோ நகர்த்தும் அளவு) வைத்துச் சரிசெய்துவிடலாம். ஒரு தடவை 2, அடுத்த தடவை 8 என்று மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்தை எந்த ஆஃப்செட்டும் சரிசெய்யாது. யூஎஸ்பி கருவியைக் கணினி குறிப்பிட்ட இடைவெளியில் கேட்டுக்கொண்டே இருக்கும். பல மலிவான போர்டுகளில் அது 8 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு 125 தடவை. மிதி அந்த இடைவெளியில் எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து 0 முதல் 8 வரை தாமதம் ஆடும். ஏடிமெகா32யூ4 போன்ற முழுவேகச் சிப் 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை கேட்கச் சொல்லலாம். தொடக்கநிலை ஆட்டக்காரருக்கு இந்த வித்தியாசம் காலில் தெரியாது. மேல்மட்ட மதிப்பெண்ணைத் துரத்துபவருக்கு 22.5க்குள் 8 என்பது சிறிய பங்கு அல்ல.

ஆஃப்செட் வைக்க, நன்றாகத் தாளம் பொருந்திய ஒரு பாட்டை எடுத்து, ஆட்டத்தின் நடுவே எஃப்6 விசையை அழுத்தினால் தானியங்கி ஒத்திசைவு நிலைகள் ஒவ்வொன்றாக வரும். முதலில் வருவது பாட்டுக்கானது, அதை அழுத்திவிட்டுப் பாட்டின் கோப்பையே கெடுத்துக்கொள்பவர்கள் நிறைய. நமக்கு வேண்டியது இயந்திரத்துக்கான நிலை. ஒரு சுலபமான பாட்டை முழுதாக ஆடி முடித்து, வரும் மதிப்பைச் சேமித்துக்கொள்ளலாம். இதைச் செய்யும்போது ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டவே வேண்டாம். அதன் தாமதம் பொதுவாக 100 மில்லிவிநாடிக்கும் மேல், இணைக்கும் ஒவ்வொரு முறையும் அதே அளவு இருக்கும் என்ற உறுதியும் இல்லை. தொலைக்காட்சியைத் திரையாக வைத்தால் அதன் கேம் நிலையை இயக்கிவிடுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பேட் திடீரென்று கணினியிலிருந்து விலகி மறுபடி சேர்ந்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஒயர் நீளம். யூஎஸ்பி 2.0 முழுவேகக் கருவிக்கு 5 மீட்டர், குறைவேகக் கருவிக்கு 3 மீட்டர் என்பதே வரம்பு. எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் போட்டால் தாண்டிவிடும். இரண்டு, மின்சாரம். யூஎஸ்பி 2.0 துளை தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர். தகடுகளுக்கு அடியில் எல்இடி பட்டை ஒட்டியிருந்தால் அதற்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் வையுங்கள். கிரவுண்டை மட்டும் போர்டோடு சேர்க்கலாம், 12 வோல்ட் எந்தப் பின்னையும் தொடக்கூடாது. கணினியின் யூஎஸ்பி மின்சேமிப்பு அமைப்பையும் அணைத்துவிடுவது நல்லது. மூன்று, நிலைமின்சாரம். வறண்ட நாளில் காலுறையோடு உலோகத்தின் மீது ஆடினால் உடலில் மின்னூட்டம் சேரும். அது தகடு வழியாகப் போர்டில் பாயும்போது கருவி மயங்கி விழும், சில சமயம் போர்டே போய்விடும். உலோகச் சட்டத்தை 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த்தோடு இணைப்பது இதற்கு மருந்து.

ஓர் அம்பு மட்டும் ஓரத்தில் மிதித்தால் பதிந்து நடுவில் பதியாவிட்டால், அது மின்னணுக் கோளாறு அல்ல. அந்தத் தகடின் இரு பரப்புகளுக்கும் இடையே தூரம் அதிகம். தகடைக் கழற்றித் தொடுமுனைகளை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, கீழ்ப் பரப்பின் நடுவில் மெல்லிய செம்பு டேப் ஓர் அடுக்கு ஒட்டிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னோர் அடுக்கு. அளவு மீறினால் மிதிக்காமலே அம்பு எரிந்துகொண்டிருக்கும், அப்போது ஓர் அடுக்கை உரித்துவிட்டுத் திருகுகளை நான்கு மூலையிலும் ஒரே அளவில் முடுக்க வேண்டும்.